ஊசி போட்டு இளைத்தால் முகம் ஏன் வாடுகிறது?



உடல் பருமனைப் பற்றிய நமது கலந்துரையாடல் ஒளியேறிய அன்று, அரங்கத்துத் தொலைபேசி ஓயவே இல்லை. ஊசி என்ன விலை, எங்கே கிடைக்கும், போட்டால் வலிக்குமா என்றுதான் பெரும்பாலோர் கேட்டார்கள். நிகழ்ச்சி முடிய ஏழெட்டு நிமிடங்களே இருந்த வேளையில் கிள்ளானிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். அவருக்கு வயது 54. பன்னிரண்டு வருடங்களாக இனிப்பு நீர். மாத்திரைக்குக் கட்டுப்படாமல் போகவே, மருத்துவர் வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் ஊசியைக் கொடுத்திருக்கிறார். பத்து மாதங்களில் 78 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு வந்துவிட்டாராம். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரோ சிரிக்கவில்லை.

"தங்கச்சி, தம்பி மகன் கல்யாணத்துக்கு ஆசையா பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். மண்டபத்துல பார்த்தவங்க எல்லாம் ஒரே கேள்விதான். என்ன அக்கா, உடம்புக்கு முடியலையா? கன்னமெல்லாம் டொக்கு விழுந்து போச்சே! பெரிய வியாதியான்னு ஒருத்தர் கேட்டே விட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். எங்க அம்மா சாகுறதுக்கு முன்னாடி இருந்த முகம் மாதிரி இருந்துச்சு. அந்த வாரத்தோட ஊசியை நிறுத்திட்டேன்."

மருத்துவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லை. நான்கு மாதங்கள் கழித்து இரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, 6.8 ஆக இறங்கியிருந்த ஏ1சி அளவு 9.7க்கு ஏறியிருந்தது. எடையில் ஐந்து கிலோ திரும்பியிருந்தது. "முகம் மட்டும் பழையபடி வரலை" என்றார்.

நம் குழுவில் இருந்த நீரிழிவு மருத்துவர் அவருக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னார். அதற்குள் விளம்பர நேரம் வந்துவிட்டது. தொலைக்காட்சியில் எப்போதும் நடப்பதுதான்! முக்கியமான கேள்வி கடைசி நிமிடத்தில்தான் வரும். அன்று விட்டுப்போன விளக்கத்தை, நிகழ்ச்சிக்குப் பிறகு குழுவிலிருந்த மருத்துவர்களிடம் கேட்டறிந்த விவரங்களோடும், நான் தேடிப் படித்தவற்றோடும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முகத்துக்கும் ஒரு பெயர்

இந்த முகவாட்டத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'ஓசெம்பிக் முகம்'. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் பால் ஜாரட் பிராங்க் பயன்படுத்திய இச்சொல், 2023 தொடக்கத்தில் பத்திரிகைகளில் அடிபட்டு உலகமெங்கும் பரவியது. ஓசெம்பிக் என்பது ஒரு மருந்தின் வணிகப் பெயர். அதற்குள் இருக்கும் மருந்து செமாகுளூட்டைட். டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் தயாரிப்பது. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் நீரிழிவுக்காக அனுமதி பெற்றது. அதே மருந்து, கூடிய அளவில், வெகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் உடல் பருமனுக்காக அனுமதி பெற்றது. ஈலை லில்லி நிறுவனத்தின் மௌஞ்சாரோ என்பது டிர்செபடைட் என்ற இன்னொரு மருந்து. அது 2022இல் வந்தது. முகம் வாடுவது எல்லா ஊசிகளுக்கும் பொதுவானது. பாவம், பழி மட்டும் ஒரு பெயர்மேல் விழுந்துவிட்டது.

பெயரைக் கேட்டதும், இது மருந்தின் விஷத்தன்மையால் வரும் நோய் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். "பல்லி விஷத்தை ஊசியில் ஏற்றினால் முகம் வாடாமல் என்ன செய்யும்?" என்று நேயர் ஒருவர் கோபமாகக் கேட்டார். அந்தப் பல்லிக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லி வாழ்கிறது. 1992இல் ஜான் எங் என்ற மருத்துவ ஆய்வாளர் அதன் நச்சிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை ஒத்திருந்தது. அதன் வழியில் வந்த எக்செனடைட் என்ற மருந்து 2005இல் அனுமதி பெற்றது. இக்குடும்பத்தின் முதல் ஊசி அதுதான். ஆனால் செமாகுளூட்டைட் பல்லியிலிருந்து வருவதன்று. மனித ஹார்மோனையே முன்மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது.

நாம் சாப்பிட்டவுடன் குடல் இந்த ஹார்மோனைச் சுரக்கிறது. இன்சுலின் சுரக்கட்டும் என்று கணையத்துக்கும், போதும் என்று மூளைக்கும் அது செய்தி அனுப்புகிறது. உடலின் சொந்த ஹார்மோன் இரண்டொரு நிமிடங்களில் கரைந்துவிடும். ஊசி மருந்தோ பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரத்துக்கு ஓர் ஊசி போதுமானதாக இருப்பது அதனால்தான். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, பசி அடங்குகிறது. இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டவர் முக்கால் ரொட்டியோடு தட்டைத் தள்ளிவிடுகிறார். உடல் தன் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது.

பஞ்சு குறைந்த தலையணை

அந்தச் சேமிப்பு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வயிற்றில் மட்டும் எடு, முகத்தைத் தொடாதே என்று எந்த மருந்துக்கும் உத்தரவிட முடியாது. பட்டினிக்கும் முடியாது, உடற்பயிற்சிக்கும் முடியாது.

முகத்துக் கொழுப்பு தோலுக்கடியில் ஒரே விரிப்பாகப் பரந்து கிடப்பதாகத்தான் முன்பு கருதினார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரோரிச், பெஸ்ஸா என்ற இரு மருத்துவர்கள், இறந்தவர்களின் முகங்களில் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சாயம் முகமெங்கும் பரவவில்லை. ஒவ்வோர் இடத்திலும் ஓர் எல்லையோடு நின்றுவிட்டது. அதாவது கொழுப்பு தனித்தனிப் பைகளில் இருக்கிறது. நெற்றிப் பொட்டில் ஒன்று, கண்ணுக்குக் கீழே ஒன்று, கன்னமேட்டில் மேலும் கீழுமாகச் சில என்று அடுக்கடுக்காக உள்ளன. மேல் தோலை இவைதான் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கின்றன.

இலவம் பஞ்சுத் தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு நிறைந்திருக்கும்போது உறை விறைப்பாக நிற்கும். பாதிப் பஞ்சை எடுத்துவிட்டால் உறையின் அளவு மாறாது, தொளதொளவென்று மடிந்து தொங்கும். முகத்திலும் அதுவேதான். நெற்றிப் பொட்டு உள்வாங்குகிறது. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுகிறது. கன்னமேடு தட்டையாகி, மூக்கின் ஓரத்திலிருந்து வாய்வரை இறங்கும் கோடு ஆழமாகிறது. தாடைக்குக் கீழே தோல் தளர்கிறது. நம் இந்தியத் தோலுக்கு நிறமி அதிகம் என்பதால் மெல்லிய சுருக்கங்கள் தாமதமாகத்தான் தோன்றும். அது நமக்குக் கிடைத்த வரம். ஆனால் கண்ணடியில் பலருக்கும் ஏற்கனவே கருமை இருக்கிறது. அங்கே பள்ளமும் சேர்ந்தால் நிழல் இரட்டிப்பாகத் தெரியும். உச்சியில் விளக்கு எரியும் கல்யாண மண்டபங்களில் இது இன்னும் மோசம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். தலைக்கு மேலே ஒரே ஒரு விளக்கைப் போட்டால் அறிவிப்பாளர் எல்லாருக்குமே பத்து வயது கூடிவிடும். அதனால்தான் அரங்கில் முன்பக்க விளக்கு வைக்கிறோம்.

உறை ஏன் சுருங்கிக்கொள்வதில்லை? இளம் வயதில் ஓரளவு சுருங்கும். தோலுக்கு வலுத் தருவது கொலாஜன், இழுவைத் தன்மை தருவது எலாஸ்டின். வயது ஏற ஏற இரண்டும் குறைகின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் மட்டும் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும் என்பது மருத்துவ உலகில் அறியப்பட்ட கணக்கு. கிள்ளான் அக்காவின் வயதை இப்போது நினைத்துப் பாருங்கள். வெயில், புகை பிடித்தல் இரண்டும் இதைத் துரிதப்படுத்துபவை.

வயதின் பங்கைக் காட்டும் சுவையான ஆய்வு ஒன்று உண்டு. 2009இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தோற்றத்தில் ஒத்த இரட்டையர் 186 ஜோடிகளின் படங்களை வைத்து, யார் மூத்தவராகத் தெரிகிறார் என்று மதிப்பிட்டார்கள். பிறவியில் ஒரே அச்சு என்பதால் வேறுபாட்டுக்கு வாழ்க்கைதான் காரணம். உடல் நிறைக் குறியீட்டில் 4 புள்ளிகள் கூடுதலாக இருந்தவர், 40 வயதுக்குட்பட்ட ஜோடிகளில் மூத்தவராகத் தெரிந்தார். 40ஐத் தாண்டிய ஜோடிகளில் அப்படியே தலைகீழ்! சதைப்பிடிப்பானவர்தான் இளையவராகத் தெரிந்தார். இருபத்தைந்து வயதில் இளைத்தால் "கல்லூரிப் பெண் மாதிரி இருக்கிறாய்" என்பார்கள். ஐம்பதில் அதே பத்து கிலோ குறைந்தால் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்ப்பது உண்மைதான், அதற்கு அவர்கள் ஊகிக்கும் காரணம்தான் தவறு.

மருந்து நேரடிக் குற்றவாளியா?

இக்கேள்வியை நான் தோல் மருத்துவரிடம் இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டேன். மருந்தே முகத்துக் கொழுப்பைத் தேடி அழிக்கும் நிலை எப்படி இருக்கும் என்பதை மருத்துவ உலகம் ஏற்கனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு முன்பு கொடுக்கப்பட்ட ஸ்டாவுடின் என்ற மாத்திரை அப்படிச் செய்தது. கன்னமும் கைகால்களும் வற்றிப்போகும், சிலருக்கு வயிறு மட்டும் பெருக்கும். எடை குறையாமலேயே முகம் குழிந்துவிடும். 2009இல் அம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பசியடக்கும் ஊசியில் காண்பது அந்த மாதிரி அல்ல. உடல் முழுவதும் இளைக்கிறது, அதில் ஒரு பங்காக முகமும் இளைக்கிறது. இரைப்பை அறுவை சிகிச்சை செய்து இளைத்தவர்களுக்கும் இதே முகம்தான் வந்தது. கடும் பத்தியம் இருந்தவர்களுக்கும் வந்தது. அப்போது அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே. ஆக, எத்தனை கிலோ குறைந்தது, எந்த வயதில் குறைந்தது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பவைதான் முகத்தைத் தீர்மானிக்கின்றன.

அந்த அளவு சாதாரணமானதன்று. 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டனர். செமாகுளூட்டைட் 2.4 மில்லிகிராம் போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர். வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான். 80 கிலோ உள்ள ஒருவருக்கு இது 12 கிலோ! மாத்திரைகளால் இந்த அளவு எடை குறைந்தவர்களைக் காண்பது முன்பு அரிது. நீரிழிவு உள்ளவர்களுக்கு எடைக் குறைவு பொதுவாக இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறோம். என்னைக் கேட்டால், முகத்தைவிடக் கவலைப்பட வேண்டியது தொடைத் தசை. அதே ஆய்வில் ஒரு பிரிவினரின் உடலமைப்பைக் கதிர்ப்படம் எடுத்து அளந்தார்கள். இழந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பல்ல; தசையும் கொழுப்பல்லாத பிற திசுக்களும்தான். கன்னம் குழிந்தால் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தொடை மெலிந்தால் சேலைக்குள் யாருக்குத் தெரியும்? குளியலறையில் வழுக்கி விழும்போதுதான் தெரியும். வயதானவர்களுக்கு இது விளையாட்டல்ல.

நிறுத்தினால் என்ன ஆகும்?

கிள்ளான் அக்கா செய்ததைத்தான் பலர் செய்கிறார்கள். முகம் வாடியதும் ஊசியைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. பசி திரும்பும், எடை திரும்பும், நீரிழிவு இருப்பவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பும். தளர்ந்த தோல் மட்டும் முன்போல் இறுகாது. இரண்டு பக்கமும் நட்டம்.

நம் சமூகத்துக்கு இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலாய்க்காரர்களில் 22 விழுக்காடு, சீனர்களில் 15.1 விழுக்காடு. நம்மில் மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 2023இல் வெளிவந்த, 17,604 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு, ஏற்கனவே இருதய நோய் உள்ள பருமனானவர்களுக்கு இம்மருந்து மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு ஆகியவற்றை 20 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. அவர்கள் நீரிழிவு இல்லாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 2025 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இவ்வகை மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காக்க வேண்டிய மருந்தைக் கன்னத்துக்காக விட்டுவிடுவது என்ன கணக்கு?

முகத்தைப் பற்றிக் கவலைப்படுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. முகத்தை வைத்துப் பிழைப்பவள் நான், அப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கவலையை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறேன். இந்த ஊசியைக் குறைந்த அளவில், அதாவது 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரங்களுக்குப் பிறகே அடுத்த படிக்கு ஏற்றுவார்கள். எல்லாரும் உச்ச அளவுக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. எடை மிக வேகமாக இறங்குகிறது என்றால் அளவை ஏற்றாமல் நிறுத்தி வைக்கவும், குறைக்கவும் மருத்துவரால் முடியும். கேட்டால்தானே?

அடுத்தது சாப்பாடு. பசி குறைந்ததும் நம்மவர்கள் முதலில் விடுவது குழம்பில் இருக்கும் மீனையும் முட்டையையும்தான். ஒரு கப் தே தாரிக்கும் இரண்டு பிஸ்கட்டுமாகக் காலை போய்விடும். தட்டில் இடம் குறையும்போது புரதத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றார் மருத்துவர். கெம்போங் மீன், முட்டை, கோழி, தவ்ஃபூ, தெம்பே, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாமே இங்கே மலிவாகக் கிடைப்பவை. சோற்றைக் கடைசியாகச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தசையைக் காக்க நடை மட்டும் போதாது, பளு வேண்டும். ஜிம்முக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குவது ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். குமட்டலுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களின் முகம் இன்னும் வறண்டு தெரியும். அதையும் கவனியுங்கள். முகப் பயிற்சி, மசாஜ், கிரீம் போன்றவை போன கொழுப்பைத் திரும்பக் கொண்டுவரா. கிரீமில் உருப்படியானது வெயில் தடுப்புக் கிரீம்.

கன்னத்தில் ஊசி வழியாக ஹையலுரானிக் அமிலம் போன்றவற்றை நிரப்பும் சிகிச்சையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், சில வருடங்களுக்கு முன்புவரை கன்னம் ஒட்டித் தெரிய வேண்டும் என்று ஒப்பனைக்காரர் எங்களுக்குக் கறுப்பு மை தீட்டிவிடுவார். கன்னக் கொழுப்பை அறுத்தே எடுத்த நடிகைகளும் இருந்தார்கள். இப்போது நிரப்பக் கிளம்பியிருக்கிறார்கள்! நிரப்பத்தான் வேண்டுமென்றால் எடை ஒரு நிலைக்கு வந்து சில மாதங்கள் ஆகட்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போது நிரப்பினால் மறுபடியும் நிரப்ப வேண்டி வரும். இது அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியமுமல்ல. நிரப்பும் பொருள் தவறான இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண்பார்வையே போகலாம். மலேசியாவில் அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. சான்றிதழ் இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்னொரு கூட்டம்

இதுவரை பேசியது மருந்து தேவைப்படுபவர்களைப் பற்றி. தீபாவளிக்குள் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று கைப்பேசி வழியே ஊசி வாங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இது மருந்துச் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. இணையத்தில் விற்பது சட்டவிரோதம். 2024 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஓசெம்பிக் பிடிபட்டதாக எச்சரிக்கை விடுத்தது. ஆஸ்திரியாவில் 2023இல் போலி ஊசி போட்டவர்கள் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பேனாவுக்குள் இன்சுலின் இருந்ததாகவே சந்தேகிக்கப்பட்டது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து, நம் ஊர் வெயிலில் பொட்டலமாக மூன்று நாள் பயணம் செய்து வருவதையும் யோசித்துப் பாருங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும், ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்துக் கிலோ அதிகமுள்ளவருக்கு முகம் ஓரளவு தாங்கும். ஏற்கனவே ஒல்லியாக இருப்பவர் போட்டால் முதலில் போவது முகம்தான்.

கல்யாண வீட்டில் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "இளைச்சிட்டீங்களே, நல்லா இருக்கீங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே! நோயின் பெயரையெல்லாம் பந்தியில் வைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் ஊசியும் போடாமல், பத்தியமும் இல்லாமல் ஒருவர் முகம் ஒட்டிப்போனால், அவரைத் தனியே அழைத்துக் கேட்கத்தான் வேண்டும். கட்டுப்பாடற்ற நீரிழிவு, தைராய்டு, காசநோய், புற்றுநோய் எல்லாமே ஆளை இளைக்க வைப்பவை. ஊசி போடுபவர்களும், எடை நிலைத்த பிறகு மறுபடி காரணமின்றி இறங்கினாலோ, விடாத வாந்தியும் முதுகுவரை பாயும் கடும் வயிற்று வலியும் வந்தாலோ, ஊசிதான் காரணம் என்று சும்மா இருந்துவிடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கிள்ளான் அக்காவுக்கு அன்று நம் மருத்துவர் சொன்னது இதுதான்: "ஃபிரிஜ்ஜில் மிச்சம் இருக்கும் ஊசியை எடுத்துப் பழைய அளவில் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். நான்கு மாதம் விட்டதால் உடம்பு தாங்காது, வாந்தி எடுத்தே சோர்ந்துவிடுவீர்கள். முதலில் கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லுங்கள்."

மூன்று வாரங்கள் கழித்து அவரே நிலையத்துக்கு அழைத்தார். கிளினிக்கில் திட்டு வாங்கினாராம், ஆனால் கொஞ்சம்தான். மறுபடியும் 0.25இலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை மெதுவாக ஏற்றுவதாக மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முகத்தைப் பற்றிச் சொன்னபோது, "இதை அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாராம் அவர்.

"ஆவணியில இன்னொரு கல்யாணம் இருக்கு, தங்கச்சி" என்றார். போவீர்களா என்று கேட்டேன். "போகாம? சேலைக்கு ரவிக்கைதான் பிடிச்சுத் தைக்கணும்." பிறகு, சுண்டல் ஊறப்போட மறந்துவிட்டதாகச் சொல்லி அவசரமாகத் தொலைபேசியை வைத்தார்.